மோனோவா, பாலியா? – மொட்டை மாடியில் ஒரு கணக்கு

வீட்டுக்கு சோலார் போடப் போறேன்னு ஆபீஸ் கேண்டீன்ல ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. டீ ஆறுறதுக்குள்ள நாலு பேர் நாலு விதமா சொல்லிடுவாங்க. "மோனோ போடு மச்சி, பாலி எல்லாம் பழைய காலம்". "டாப்கான் வந்துடுச்சுடா, இன்னும் மோனோன்னுட்டு இருக்கே". "பைஃபேஷியல் எடுத்தா அடிப்பக்கமும் கரண்ட் வரும் தெரியுமா?". நாலாவது ஆள் ஒண்ணும் சொல்ல மாட்டார், ஒரு யூட்யூப் லிங்க் மட்டும் அனுப்புவார். நாப்பது நிமிஷ வீடியோ. ஸ்ஸ்ஸ்... முடியல.

நானும் பொட்டி தட்டுறவன்தான். ஆனா படிச்சது இசிஇ. நாலு வருஷம் டயோடு, டிரான்சிஸ்டர்னு மனப்பாடம் பண்ணி எழுதினதுக்கு வாழ்க்கையில ஒரு தடவையாவது உபயோகம் வரட்டுமேன்னு, இந்த வேலையை நானே உட்கார்ந்து கணக்கு போட்டுப் பார்த்தேன். பட்டுக்கோட்டை பக்கம் எங்க கிராமத்து வீட்டுக்கு, அப்பா அம்மா ரெண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டுக்கு, சின்னதா ஒரு செட்டப். அந்தக் கணக்கைத்தான் இங்க எழுதி வைக்கிறேன். யாருக்காவது உதவினா சந்தோஷம். பதிவு கொஞ்சம் நீளம். ஆணி நிறைய இருக்கிறவங்க வீக்எண்ட்ல வந்து படிச்சுக்கங்க.

வகை வகையா பேனல்

முதல்ல இந்தப் பேர் குழப்பத்தை முடிச்சிடுவோம்.

பாலி, மோனோ ரெண்டும் சிலிக்கான்தான். பாலிங்கிறது மைசூர்பாகு கிண்டுற மாதிரி. சிலிக்கானை உருக்கி அச்சுல ஊத்தி, ஆறவிட்டு, துண்டு போட்டுடுவாங்க. ஆறும்போது உள்ளே சின்னச் சின்னதா நிறைய படிகம் உருவாகும். நீலக் கலர்ல, உடைஞ்ச கண்ணாடி மாதிரி திட்டுத் திட்டா தெரியுமே, அதுதான். மோனோவுக்கு ஒரே ஒரு விதைப் படிகத்தை உருகின சிலிக்கானில் தொட்டு, சுத்திக்கிட்டே மெதுவா மேலே இழுப்பாங்க. 1916-ல போலந்துக்காரர் சொக்ரால்ஸ்கி கண்டுபிடிச்ச முறை. மொத்தக் கட்டியும் ஒரே படிகம். எலக்ட்ரானுக்கு வழியில மேடு பள்ளம் கம்மி, அதனால மின்சாரம் கூட. பார்க்கக் கறுப்பா இருக்கும்.

பெர்க்ங்கிறது தனி ஜாதி இல்லை. அதே மோனோதான், முதுகுப் பக்கம் ஒரு மெல்லிய பூச்சு சேர்த்தது. உள்ளே புகுந்து மாட்டாம வெளியே போகப் பார்க்கிற வெளிச்சத்தை அது திருப்பி அனுப்பும். 1980-கள்ல ஆஸ்திரேலியாவோட நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்துல மார்ட்டின் கிரீன் குழுவில் பிறந்தது. டாப்கான் அதுக்கு அடுத்த தலைமுறை. ஜெர்மனியோட ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிலையம் 2013-ல வெளியிட்டது. பின்பக்கத்துல நானோமீட்டர் கணக்குல ஒரு ஆக்சைடு படலம் வச்சு, எலக்ட்ரான் வீணாப் போறதைக் குறைச்சிருக்காங்க.

இது போக மெல்லிய படலப் பேனல்னு ஒரு வகை. சிலிக்கானுக்குப் பதிலா காட்மியம் டெல்லூரைடு. ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் 2024 ஜனவரியில சென்னை பக்கத்துல திறந்த தொழிற்சாலையில செய்யறது இதைத்தான். ஆனா அது ஏக்கர் கணக்குல போடுற மின் நிலையங்களுக்குப் போற சரக்கு. நம்ம மொட்டை மாடிக்கு வராது.

சரி, இப்ப மார்க் ஷீட். பாலி 15 முதல் 17 சதவீதம், மோனோ பெர்க் 20-21, டாப்கான் 22-23. 1954-ல பெல் ஆய்வகம் உலகத்துக்குக் காட்டின முதல் சிலிக்கான் சோலார் செல் சுமார் 6 சதவீதம்தான். அங்கேருந்து இங்க வந்திருக்கோம், பெருமைப்படலாம்.

ஆனா இந்த சதவீதத்தைத்தான் நிறைய பேர் தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க. 500 வாட் பாலியும் 500 வாட் டாப்கானும் லேப்ல ஒரே 500 வாட்தான் தரும். சதவீதம் சொல்றது அதுக்கு எவ்வளவு இடம் வேணும்ங்கிறதை மட்டும். 500 வாட்டுக்கு பாலின்னா சுமார் 32 சதுர அடி, டாப்கான்னா சுமார் 24. சென்னையில அபார்ட்மெண்ட் மாடியில உங்க பங்கா ஒரு பாய் விரிக்கிற இடம் கிடைச்சா, இந்த எட்டு சதுர அடி பெரிய விஷயம். எங்க ஊர் மாடியில அம்மா மூணு மூட்டை நெல் காயப்போடுவாங்க. இடம் ஒரு பிரச்சினையே இல்லை.

வெயில் கூடினா கரண்ட் குறையும்

அடுத்தது சூடு. பேனல் பின்னாடி ஒட்டியிருக்கிற வாட் கணக்கு, பேனல் 25 டிகிரியில இருக்கும்போது அளந்தது. சித்திரை மாச மதியம் நம்ம மாடியில பேனல் 60 டிகிரியைச் சாதாரணமா தொடும். ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் பாலிக்கு சுமார் 0.40 சதவீதம், பெர்க்குக்கு 0.35, டாப்கானுக்கு 0.30 குறையும்.

25-க்கு மேல 35 டிகிரி. பெருக்கிப் பாருங்க. 500 வாட் பாலி 430 வாட் தரும். பெர்க் 439. டாப்கான் 448.

வித்தியாசம் எவ்வளவு? பாலிக்கும் பெர்க்குக்கும் 9 வாட். பெர்க்குக்கும் டாப்கானுக்கும் 9 வாட். அதாவது ஒரு எல்இடி பல்பு. இந்த ஒரு பல்புக்குத்தான் கேண்டீன்ல அவ்வளவு சண்டை!

டாப்கானுக்கு இன்னும் ஒரு நல்ல குணம் உண்டு, மறைக்கக் கூடாது. முதல் வருஷத் தேய்மானம் பெர்க்குக்கு 2 சதவீதம்னா டாப்கானுக்கு 1. அதுக்கப்புறம் வருஷா வருஷம் பெர்க் 0.55, டாப்கான் 0.4. வாரண்டி அட்டையில பொதுவா இப்படித்தான் போட்டிருப்பாங்க. இருபத்தஞ்சு வருஷம் கூட்டினா கணிசம்தான். பெரிய செட்டப் போடறவங்க டாப்கானே எடுக்கலாம்.

அப்ப எனக்கு எது? அதுக்கு முன்னாடி, எதுக்குன்னு சொல்லணும்.

ஒரு கொசுவத்தி

2018 நவம்பர் 16 விடியக்காலை, கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவுல கரை கடந்துச்சு. நான் அப்ப திருச்சியில காலேஜ் கடைசி வருஷம். ரெண்டு நாள் கழிச்சு, பஸ் பாதி, நடை பாதின்னு ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். எங்க கொல்லையில நாப்பது தென்னை. ஆறு நின்னுச்சு. டெல்டா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல மின்கம்பம் சாய்ஞ்சிருந்துச்சு. வெளி மாவட்டத்துல இருந்தெல்லாம் மின்வாரிய ஆளுங்க வந்து, சேத்துல நின்னு ராப்பகலா வேலை பார்த்தாங்க. அப்படியும் எங்க தெருவுக்குக் கரண்ட் வர 19 நாள் ஆச்சு.

அம்மாவுக்கு வீசிங் உண்டு. ஈரக் காத்து பட்டா ராத்திரியில இழுக்கும். நெபுலைசர் வீட்டுல இருந்துச்சு, மருந்து இருந்துச்சு. பிளக்ல கரண்ட் இல்லை. நான் போன அன்னிக்கு ராத்திரி ஒன்றரை மணிக்கு இழுக்க ஆரம்பிச்சுது. அப்பா டிவிஎஸ் 50-ல அம்மாவை உட்கார வச்சு, நான் பின்னாடி டார்ச் அடிச்சுக்கிட்டே ஓடி, ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஜெனரேட்டர் ஓடிக்கிட்டிருந்த ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனோம். வழியில விழுந்து கிடந்த மரத்துக்கெல்லாம் வண்டியை நிறுத்தி, அம்மாவைக் கைத்தாங்கலா தாண்ட வச்சு, வண்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வச்சு... மண்டபத்துல நூறு பேர் படுத்திருந்தாங்க. சமையல்கட்டு பிளக்ல நெபுலைசரைச் சொருகினோம். பத்து நிமிஷத்துல மூச்சு சீராச்சு.

அப்பாவுக்கு சர்க்கரை. இன்சுலினை 2-லேருந்து 8 டிகிரிக்குள்ள வைக்கணும். அந்த 19 நாளும் மண்பானையில ஈர மணல் போட்டு, நடுவுல பாத்திரம் வச்சுப் பாதுகாத்தார். பானை 8 டிகிரி தராதுன்னு அவருக்கும் தெரியும். வேற வழி?

அந்த நெபுலைசர் 150 வாட். பத்து நிமிஷம். ஒரு யூனிட்ல நாப்பதுல ஒரு பங்கு மின்சாரம். அவ்வளவுதான் தேவைப்பட்டுச்சு அன்னிக்கு.

கொசுவத்தி போதும். மேட்டருக்கு வருவோம்.

மானியமா, ராத்திரி கரண்டா?

டவுன்ல போய் விசாரிச்ச முதல் கடையில, "ஆன்கிரிட் போடுங்க சார், மானியம் வருது"ன்னு ஆரம்பிச்சாங்க. உண்மைதான். 2024 பிப்ரவரியில மத்திய அரசு தொடங்கின பிரதமர் சூரிய வீடு திட்டத்துல முதல் ரெண்டு கிலோவாட்டுக்கு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூணாவதுக்கு 18,000, ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். செல்லும் பேனலும் இந்தியாவுல செஞ்சதா இருக்கணும். கடைக்காரங்க டிசிஆர் பேனல்னு சொல்றது அதைத்தான். விலை கொஞ்சம் கூட.

"கரண்ட் கட் ஆனா இது ஓடுமா?"ன்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சு, "அது ஓடாது சார்"னாங்க.

ஓடாது. ஓடவும் கூடாது. கம்பியில வேலை பார்க்கிற லைன்மேன் மேல நம்ம மாடிக் கரண்ட் பாயக்கூடாதுன்னு, வெளியே கரண்ட் போனதும் ஆன்கிரிட் இன்வெர்ட்டர் தன்னாலேயே நின்னுடும். நல்ல ஏற்பாடு. ஆனா நட்ட நடு மதியம், வெயில் கொளுத்தும், மாடியில மூணு கிலோவாட் பேனல் இருக்கும், கீழே ஃபேன் ஓடாது.

சென்னையில ரெண்டு ஏசி ஓடுற வீடுன்னா நான் கண்ணை மூடிக்கிட்டு ஆன்கிரிட்தான் சொல்வேன். பில் பாதிக்கு மேல குறையும். எங்க வீட்டுல? தமிழ்நாட்டுல 2016-லேருந்து ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். அது போக அப்பா கட்டுற பில் முந்நூறைத் தாண்டினதே இல்லை. அதைக் குறைக்க ஒரு லட்சம் போடறது, எலியைப் பிடிக்க யானை வாங்கிக் கட்டுற கதை. எனக்கு வேண்டியது கரண்ட் இல்லாத ராத்திரிக்குக் கரண்ட். அதனால பேட்டரி வச்ச தனி செட்டப். மானியம் கிடையாது, தெரிஞ்சேதான்.

தேவை எவ்வளவு?

எழுதிப் பார்த்தேன். சின்ன ஃபிரிட்ஜ் நாளைக்கு 0.7 யூனிட். 28 வாட் ஃபேன் ரெண்டு, பத்து மணி நேரம், 0.56. ஒன்பது வாட் பல்பு நாலு, அஞ்சு மணி நேரம், 0.18. நெபுலைசர் மூணு தடவைன்னு வச்சாலும் 0.1. போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து, மொத்தம் சுமார் 1.6 யூனிட்.

ஒரு கிலோவாட் பேனல் நம்ம ஊர்ல சராசரியா நாளைக்கு 4 யூனிட் தரும்னு எல்லாரும் சொல்வாங்க. பேட்டரிக்குள்ள போய் வர்ற நஷ்டம் கழிச்சா 3-க்குக் கீழே. அப்ப அரை கிலோவாட்டே கிட்டத்தட்ட போதும்னு தோணும். ஆனா அது சராசரி. நமக்குப் புயல் சித்திரையில வராது, ஐப்பசி கார்த்திகையிலதான் வரும். மூணு நாள் சூரியன் முகமே காட்டாத வாரம் அது. அந்த வாரத்துல பாதி வந்தாலே பெரிசு. அதனால வெயில் நாளுக்குப் போடாம, மழை நாளுக்குக் கணக்கு போட்டேன். அரை கிலோவாட் பேனல் ரெண்டு.

பேட்டரி 150 ஆம்பியர் டியூபுலர் ரெண்டு, 24 வோல்ட். மொத்தம் 3.6 யூனிட் பிடிக்கும். ஆயுசு கெடாம பாதிதான் எடுக்கலாம், 1.8. ஒரு ராத்திரி தாராளமாத் தாங்கும்.

உண்மையான நஷ்டம் எங்கே?

இங்கேதான் நம்ம மோனோ-பாலி சண்டையோட அசல் முகம் தெரிஞ்சுது.

ரெண்டாவது கடையில 540 வாட் பேனலோட, சாதாரண பிடபிள்யூஎம் சார்ஜர் உள்ள இன்வெர்ட்டரைக் காட்டினாங்க. "எம்பிபிடி எல்லாம் தேவையில்லை சார், நாலாயிரம் கூட." 540 வாட் பேனல்ங்கிறது சுமார் 41 வோல்ட், 13 ஆம்பியர். பிடபிள்யூஎம் சார்ஜர் பேனலைப் பேட்டரியோட வோல்டேஜுக்கு இழுத்துடும். 24 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது 27 வோல்ட். 27-ஐ 13-ஆல பெருக்குங்க, 351 வாட். மிச்சம் 189 வாட் எங்கே? போயே போச்சு. பாலிக்குப் பதில் டாப்கான் வாங்கி மிச்சம் பிடிச்ச ரெண்டு எல்இடி பல்பை வச்சுக்கிட்டு, இங்க இருபத்தோரு பல்பை அணைக்கிறோம். எம்பிபிடி அந்த 41 வோல்ட்டை அப்படியே வாங்கி, தேவையான 27-க்கு மாத்தி, ஆம்பியரைக் கூட்டிக் கொடுக்கும். நாலாயிரம் அங்கே கொடுக்கிறதுதான் நியாயம்.

ரெண்டாவது நஷ்டம், நிழல். எங்க மாடிக்கு மேற்கே கஜாவுல நின்ன ஆறு தென்னையில ஒண்ணு இருக்கு. மூன்றரை மணிக்கு மேல அதோட நிழல் மாடியில விழும். பேனல் பார்க்க வந்தவர் சுலபமா சொல்லிட்டார், "அந்த மரத்தை எடுத்துட்டா சூப்பரா இருக்கும் சார்". அப்பா அவரை ஒரு பார்வை பார்த்தார். "கஜாவே விட்டுட்டுப் போனதை நான் வெட்டணுமாங்க?"

அத்தோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. இனி மரத்தோடதான் பேனல் வாழணும்.

பேனல்ல செல் எல்லாம் வரிசையா கோத்தது, சீரியல் பல்பு மாதிரி. ஒரு செல் மேல நிழல் விழுந்தா அந்த வரிசை முழுக்க மந்தம். இதுக்காகத்தான் பைபாஸ் டயோடு மூணு வச்சிருக்காங்க. நிழல் விழுந்த மூணுல ஒரு பங்கை விட்டுட்டு மிச்சம் ஓடும். இப்ப வர்ற ஹாஃப் கட் பேனல்ல இன்னும் ஒரு வசதி. பேனலை ரெண்டு பாதியாப் பிரிச்சு பேரலலா இணைச்சிருப்பாங்க. ஒரு பாதி முழுக்க நிழல்னாலும் இன்னொரு பாதி தன் வேலையைப் பார்க்கும். நிழல் மேற்கேருந்து வர்றதால, பேனலைப் படுக்கை வசமா வச்சேன். மேற்குப் பாதி முதல்ல நிழலுக்குள்ள போகும், கிழக்குப் பாதி கடைசி வரைக்கும் ஓடும். ரெண்டு பேனலையும் சீரீஸ்ல போடாம பேரலல்ல போட்டேன், ஒண்ணோட நிழல் இன்னொண்ணை இழுக்கக் கூடாதுன்னு. இதுக்கெல்லாம் ஒரு பைசா கூட செலவில்லை.

மூணாவது நஷ்டம், அழுக்கு. மாடியில இடம் அடைக்காம எட்டடி உயரத்துல ஃபிரேம் போடறது இப்ப ஃபேஷன். கீழே வத்தல் காயப்போடலாம்னு அம்மாவுக்கும் ஆசை. ஆனா எட்டடி மேல யார் ஏறித் துடைக்கிறது? அப்பாவுக்கு 67 வயசு, முழங்கால் வலி. காக்கா எச்சமும் தென்னம்பாளைத் தூசியும் படிஞ்சா டாப்கானும் ஒண்ணுதான், பாலியும் ஒண்ணுதான். உயரம் கூடினா காத்தும் கூட அடிக்கும். அதனால மூணடி உயரத்துல, தெற்கு பார்த்து, பத்து டிகிரி சாய்வுல. தரையில நின்னபடி பைப்ல தண்ணி அடிச்சு, துடைப்பான்ல இழுத்துடலாம். வத்தலுக்கு மாடியோட கிழக்குப் பக்கம்னு அம்மாகிட்ட பேச்சுவார்த்தை முடிஞ்சுது.

அப்பாவோட கட்சி

இதுக்கு நடுவுல அப்பா ஒரு திட்டத்தோட வந்தார். எங்கேயோ ஒரு மில்லுல கழட்டின பழைய பாலி பேனல், 335 வாட், ஒண்ணு மூவாயிரம். "நாலு எடுத்தா பன்னண்டாயிரம். உன் கணக்குல ரெண்டு பேனல் இருபத்தோராயிரம். எதுக்குத் தம்பி?"

பாலின்னாலே கேவலம்னு நினைக்கிறவன் நான் இல்லை. நல்ல பாலி பேனல் பத்து வருஷம் தாண்டி இன்னும் ஓடிக்கிட்டிருக்கிறதைப் பார்த்திருக்கேன். அதனால மறுக்காம மல்டிமீட்டரை எடுத்துக்கிட்டு அப்பாவோடயே போனேன். வெயில்ல சாய்ச்சு வச்சு ஒண்ணொண்ணா அளந்தோம். முதல் பேனல் 44 வோல்ட், சரி. ரெண்டாவது 44. மூணாவது 29. மூணுல ஒரு பங்கு காணோம். உள்ளே ஒரு பைபாஸ் டயோடு ஷார்ட். நாலாவதுல வோல்ட் சரியா இருந்துச்சு, ஆனா முதுகுல விரலால தேய்ச்சா சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா ஒட்டுது. பின்ஷீட் வெயில்ல வெந்து போயிருக்கு. இனி மழை ஈரம் உள்ளே போகும். அப்பா தானே விரலை வச்சுத் தேய்ச்சுப் பார்த்தார்.

திரும்பி வரும்போது வண்டியில சொன்னார், "சரி, புதுசே வாங்கு. ஆனா இருபத்தஞ்சு வருஷ வாரண்டின்னு சொல்றியே, நான் என்ன இருபத்தஞ்சு வருஷமா இருக்கப் போறேன்?"

அவர் சாதாரணமாத்தான் சொன்னார். எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரலை. அப்புறம் கேட்டேன், "கஜா முடிஞ்ச மறு வருஷம் முப்பது தென்னங்கன்னு வச்சீங்களேப்பா, அறுபது வயசுல. அது காய்க்கவே ஆறேழு வருஷம் ஆகும்னு தெரிஞ்சுதானே வச்சீங்க?"

ஒண்ணும் சொல்லலை. கொஞ்ச தூரம் போனதும், "போன மாசம் நாலு மரத்துல பாளை விட்டுருக்கு, பார்த்தியா?"ன்னார்.

கடைசியில் என்ன வாங்கினேன்

540 வாட் மோனோ பெர்க், ஹாஃப் கட், ரெண்டு. மொத்தம் 21,000. அதே கடையில 580 வாட் டாப்கான் ரெண்டு எடுத்தா நாலாயிரம் கூட. நல்ல சரக்குதான். ஆனா எனக்கு அந்த நாலாயிரத்துக்கு வேற வேலை இருந்துச்சு. பேனல் அட்டையில 2400 பாஸ்கல் காத்து அழுத்தம் தாங்கும்னு போட்டிருக்கும். கணக்குப்படி அது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல அடிக்கிற காத்து. (5400 பாஸ்கல் பனிச்சுமையும் தாங்குமாம். பட்டுக்கோட்டையில பனி பெய்யறப்ப சொல்றேன்.) கண்ணாடி தாங்கும், சரி. அதைப் பிடிச்சிருக்கிற ஃபிரேமும் போல்ட்டும் தாங்குமா? புயல்ல முதல்ல பறக்கிறது அதுதான். அந்தக் காசைத் துத்தநாகம் தோய்ச்ச கனமான இரும்பிலயும், கான்கிரீட்ல ஆழமா இறங்குற போல்ட்டிலயும், இடி மின்னலுக்கு ஒரு சர்ஜ் பாதுகாப்புப் பெட்டியிலயும், தனி எர்த் குழியிலயும் போட்டேன்.

மொத்தக் கணக்கு: பேனல் 21,000. எம்பிபிடி இன்வெர்ட்டர் 24,000. பேட்டரி 32,000. ஃபிரேம் 14,000. வயர், எர்த், பாதுகாப்புப் பெட்டி 9,000. கூலி 6,000. ஆக ஒரு லட்சத்து ஆறாயிரம். இதுல பேனலோட பங்கு அஞ்சுல ஒண்ணு. நாம சண்டை போடறது முழுக்க அந்த அஞ்சுல ஒண்ணைப் பத்தி. மிச்ச நாலு பங்கைப் பத்தி யாருமே கேக்கறதில்லை. (நான் வாங்கினப்புறம், 2025 செப்டம்பர் 22-லேருந்து பேனலுக்கு ஜிஎஸ்டி 12-லேருந்து 5 சதவீதமாக் குறைஞ்சுடுச்சு. நல்லா இருங்க மக்களே.)

போன கார்த்திகை மழையில ஊர்ல ரெண்டு நாள் கரண்ட் இல்லை. நான் பெங்களூர்ல ஆணி புடுங்கிக்கிட்டிருந்தேன். போன் போட்டேன். முதல் நாள் சோலார்ல வந்தது 1.3 யூனிட், ரெண்டாம் நாள் 0.9. மீட்டர் பார்த்துச் சொன்னது அப்பா. டிவி போடாதேன்னு அம்மாவைத் திட்டிக்கிட்டு இருந்தாராம். ஃபிரிட்ஜ் ஓடுச்சு. ஒரு தடவை நெபுலைசர் வச்சாங்களாம், ராத்திரி மூணு மணிக்கு. காலையில நான் கேட்டப்பதான் சொன்னாங்க. ராத்திரி போன் பண்ணலையேன்னு கேட்டா, "அதான் கரண்ட் இருந்துச்சேப்பா, உன்னை எதுக்கு எழுப்பறது"ன்னாங்க அம்மா.

வாங்கப் போறவங்களுக்குச் சுருக்கமா

1. பில்லைக் குறைக்கணுமா, கரண்ட் போனப்ப வேணுமா? இதை முதல்ல முடிவு பண்ணுங்க. முதல்னா ஆன்கிரிட், மானியம், டிசிஆர் பேனல். ரெண்டாவதுன்னா பேட்டரி.

2. இடம் குறைவா இருந்தா டாப்கான். இடம் இருந்தா ஒரு வாட்டுக்கு என்ன விலைன்னு பாருங்க, வகையை அப்புறம் பாருங்க.

3. பைஃபேஷியல் நல்லதுதான், ஆனா தரை வெள்ளையா இருக்கணும், பேனல் உயரத்துல இருக்கணும். சிவப்பு ஓட்டு மேல ஒட்டி வச்சுட்டு அடிப்பக்கக் கரண்டை எதிர்பார்க்காதீங்க.

4. பேனல் பின்னாடி பிஐஎஸ் முத்திரையும் ஐஎஸ் 14286-ம் இருக்கான்னு பாருங்க. சீரியல் நம்பரை போட்டோ எடுத்து வைங்க, வாரண்டிக்கு அதுதான் ஆதாரம்.

5. 40 வோல்ட் பேனலுக்கு எம்பிபிடி இல்லாம வாங்காதீங்க. இன்வெர்ட்டர் எவ்வளவு வோல்ட் வரைக்கும் வாங்கும்னு கேட்டு, பேனலோட திறந்த சுற்று வோல்டேஜோட ஒப்பிடுங்க.

6. பழைய பேனல்னா மல்டிமீட்டர் இல்லாம போகாதீங்க.

7. துடைக்கப் போறது யாருன்னு கேளுங்க. அவங்க கைக்கு எட்டுற உயரத்துல வைங்க.

உங்க வீட்டுல சோலார் போட்டிருந்தா, எத்தனை வாட், மழைக்காலத்துல எவ்வளவு வருதுன்னு சொல்லிட்டுப் போங்க. குறிப்பா தென்காசி, நாகர்கோவில் பக்கத்து ஆளுங்க. உங்க ஊர் ஆனி ஆடிச் சாரல்ல என்ன வருதுன்னு தெரிஞ்சுக்க ஆசை.

டிஸ்கி: எந்தக் கம்பெனிப் பேனல்னு தனியா கேக்காதீங்க மக்களே. பேரை விட மல்டிமீட்டரை நம்புங்க. நூத்தம்பது ரூபாய்தான்.